உப்பு மூட்டையும் கையுறைக் கயிறும்

குவீன்ஸ், நியூயார்க்
21 ஜனவரி 2024

அன்புள்ள கோமதி,

உன் தீபாவளிக் கடிதத்துக்குப் பொங்கல் கழிந்த பிறகு பதில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். இவருடைய முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பையன் கிறிஸ்துமஸுக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். பெருமாள்புரத்து அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை உன் தங்கை சொன்னாள். நீலக்குடைக்காரி பேரன் எடுத்துவிட்டாள் என்பதை மட்டும் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

உன் கடைக்குட்டி ஆகஸ்டில் இந்த ஊருக்குப் படிக்க வருகிறாள் என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில், "புதிதாக வருகிறவர்களை உங்கள் ஊர்க்காரர்கள் எப்படி நடத்துகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1998இல் நாங்கள் குவீன்ஸின் இந்த ஃபிளஷிங் பகுதிக்குக் குடிவந்து சில வாரங்களில் முதல் பனி விழுந்தது. ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மா கதவைத் தட்டினார். பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. வாசல் நடைபாதையில் விழும் பனியை அந்தந்த வீட்டுக்காரர்தான் அள்ள வேண்டும், விட்டால் இறுகிக் கண்ணாடியாகிவிடும், யாராவது விழுந்துவிடுவார்கள் என்று கண்டிக்கிற குரலில் சொல்லிவிட்டு, பனியை உருக்குவதற்காகக் கையிலிருந்த பத்துக் கிலோ கல்லுப்பு மூட்டையை வாசற்படியில் வைத்தார். பிறகு அவரே இறங்கி, கோழிக்குத் தீனி போடுவதுபோல எப்படி விசிற வேண்டும் என்று காட்டினார். அன்று எனக்கு அழுகை வந்தது. திட்டிவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன். அது இந்த ஊரின் வரவேற்பு என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

இங்கே ரயிலில் யாரும் உன் மகளைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், கோமு. அதைக் கண்டு அவள் மனம் வாடக் கூடாது. பையன் கைக்குழந்தையாக இருந்தபோது, மின்தூக்கி இல்லாத ரயில் நிலையத்துப் படிக்கட்டில் தள்ளுவண்டியோடு நான் திகைத்து நிற்கும்போதெல்லாம், எங்கிருந்தோ ஒரு கை வந்து முன்சக்கரத்தைப் பிடிக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவர் மேல்படிவரை தூக்கிக்கொண்டு வந்து, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிடுவார். வழி கேட்டால் ஒருவர் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது என்று அவரோடு வாதாடுவார். பேச்சில் இனிப்புத் தடவத் தெரியாத ஊர் இது. ஆனால் தடுமாறி நிற்பவரைக் கடந்து போகவும் அதற்குத் தெரியாது.

இந்த ஊரின் அமைப்புகளும் அப்படித்தான். குவீன்ஸ் பொது நூலகம் புதிதாக வந்தவர்களுக்கென்றே 1977 முதல் ஒரு பிரிவு நடத்திவருகிறது. என் ஆங்கிலத்தின் கூச்சம் தெளிந்தது அங்கே நடக்கும் இலவச வகுப்பில்தான்; எனக்கு இடப்பக்கம் கொரியாக்காரர், வலப்பக்கம் கொலம்பியாக்காரி. அதே 1977 ஜூலை 4ஆம் தேதிதான் பௌன் தெருவில் நம் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அதன் அடித்தள உணவகத்தில் தோசைக்கு நிற்கும் வரிசையில் பாதிப் பேர் நம்மவர்கள் அல்லர். குவீன்ஸில் குடியிருப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். 2015 முதல் மாநகராட்சி தரும் அடையாள அட்டைக்கு, நீ எந்த விசாவில் வந்தாய் என்று கேட்பதே இல்லை. இதையெல்லாம் எழுதி, கவலைப்படாமல் அனுப்பு என்று முடித்திருந்தால் அதில் பொய் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் இப்போது நடப்பதை மறைத்து உனக்குக் கடிதம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2022 ஆகஸ்டில், மெக்சிகோ எல்லை தாண்டி வந்தவர்களை டெக்சாஸ் ஆளுநர் பேருந்துகளில் ஏற்றி இங்கே அனுப்பத் தொடங்கினார். நாற்பத்திரண்டாம் தெருப் பேருந்து நிலையத்தில் தன்னார்வலர்கள் தண்ணீரும் ரொட்டியும் காலணியுமாகக் காத்திருந்தார்கள். மேயரே நேரில் போய்க் கை குலுக்கினார். ஓராண்டு கழிந்து, 2023 செப்டம்பரில், இந்தப் பிரச்சினை நியூயார்க்கையே அழித்துவிடும் என்று பேசியவரும் அவர்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். இன்றைய கணக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. படுக்க இடம் கேட்டு வருபவருக்கு மாநகராட்சி இடம் தந்தே ஆக வேண்டும் என்று 1981இல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாடு இந்த ஊரைக் கட்டுப்படுத்துகிறது. பழைய ரூஸ்வெல்ட் ஹோட்டலை வரவேற்பு மையமாக்கினார்கள். அதுவும் நிரம்பி, கோடையில் ஆட்கள் அதன் வாசல் நடைபாதையில் அட்டையை விரித்துப் படுத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உழைக்கத்தான் வந்திருக்கிறார்கள், ஆனால் புகலிடம் கேட்டு விண்ணப்பித்து ஆறு மாதமாவது ஆகாமல் வேலை அனுமதி கையில் வராது. அந்த ஆறு மாதம் ஒரு மனிதன் என்ன செய்வான், சொல்.

எங்களுக்குக் கிழக்கே கிரீட்மோர் மனநல மருத்துவமனை வளாகத்தில் ஆயிரம் ஆண்களுக்குக் கூடாரம் போட்டார்கள். அதை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் என் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் ஒருவர். எண்பத்தைந்து வயதில், மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா சிசிலியிலிருந்து, அந்தக் காலத்தில் கப்பலில் வந்து குடியேறுபவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவு வழியாக வந்தவர். நான் அதை நினைவூட்டியபோது, "அவர் வரிசையில் நின்று வந்தார். நீயும் ஒழுங்காக வந்தாய். உன்னை யார் என்ன சொன்னார்கள்?" என்றார். கோயிலில் நம்மவர் சிலரும் இதையே சொல்கிறார்கள். இங்கே நிரந்தரமாகத் தங்கவிடும் பச்சை அட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. செலவைக் காட்டி எல்லாவற்றிலும் வெட்டு விழுந்திருக்கிறது. எங்கள் ஃபிளஷிங் நூலகத்தை நவம்பர் கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிவிட்டார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று பெரியம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த "நீ ஒழுங்காக வந்தாய்" என்ற சொல் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. உப்பு மூட்டையை வைத்த அன்று அவர் என்னிடம் விசா கேட்கவில்லை. அன்று கேட்காமல் கொடுத்ததற்கு, இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு காரணம் கற்பித்து, என்னை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து இந்தப் பக்கம் வைக்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டாம்.

இந்த மாதம் 9ஆம் தேதி பெருமழையும் காற்றும். புரூக்ளினின் பழைய விமானத்தளத்துக் கூடாரங்களில் இருந்த ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை, குழந்தைகளோடு, ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒரே ஓர் இரவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுநாள் அந்தப் பள்ளி மாணவர்களுக்கு வீட்டிலிருந்தே கணினி வழிப் பாடம். நாடே கொந்தளித்துவிட்டது. குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கு மாநகராட்சி தரும் ஓர் இடத்தில் அறுபது நாள்தான் தங்கல் என்ற விதியில், முதல் குடும்பங்கள் பெட்டியைக் கட்டியதும் அதே நாளில்தான்.

அந்த வாரச் சனிக்கிழமை பக்கத்துத் தேவாலய அடித்தளத்தில் குளிர்கோட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். நவம்பரிலிருந்து போகிறேன், உனக்கு நான் சொல்லவில்லை. என் வேலை, கொடையாக வரும் கோட்டுகளில் ஜிப் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஈக்வடாரிலிருந்து வந்த ஓர் அம்மா, ஆறு வயதுப் பையனோடு நின்றாள். பையன் காலில் சாக்ஸுக்கு மேல் ரப்பர் செருப்பு. அவள் கையில் ஒரு தாள்; மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பள்ளியில் சேர்த்ததற்கான கடிதம் அது. இடம் மாறினாலும் அதே பள்ளியில் படிக்கச் சட்டம் விடுகிறது. ஆனால் புதிய இடத்திலிருந்து இரண்டு ரயில் மாற வேண்டும், விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. எந்த ரயில், எந்தப் பக்கத்து வாசல் என்று மட்டும் கேட்டாள். நான் படம் வரைந்து கொடுத்தேன். பையனுக்குக் கோட்டுப் போட்டு, ஜிப்பின் அடிமுனையைக் கோத்து இழுக்கக் கற்றுக்கொடுத்தேன். கையுறைகள் இரண்டையும் ஒரு நீளக் கயிற்றில் கட்டி, கோட்டின் ஒரு கைவழியாக விட்டு முதுகுப்பக்கமாக மறுகைவழியே எடுத்துவிட்டால் தொலையாது. என் பையனுக்கு அப்படித்தான் செய்வேன். அவன் இரண்டு கைகளையும் உதறி உதறிப் பார்த்துவிட்டு, விழவில்லை என்று அம்மாவிடம் காட்டினான்.

அன்று மாலை பெரியம்மா வீட்டுக்குப் போய், காலஞ்சென்ற அவர் கணவரின் கோட்டுகளைக் கேட்டேன். கேட்கும்போது என் குரல் நடுங்கியது. அவர் ஒன்றும் பேசாமல், போராட்டப் பதாகை சாய்த்து வைத்திருந்த அறைக்குள் போய், இரண்டு கம்பளிக் கோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "பை தைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், ஓட்டைப் பையில் சாவி நிற்காது" என்றார். அடுத்த வாரம் மறுபடி கிரீட்மோருக்குப் போனார். இந்த இரண்டையும் ஒரே மனம் எப்படிச் செய்கிறது என்று இவரிடம் கேட்டுக்கேட்டு இவருடைய தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மகளுக்குக் குறை வராது, கோமு. அவள் கையில் விசாவும் கல்லூரிக் கடிதமும் இருக்கும். விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும் வருவோம். குளிர்கோட்டு அங்கே வாங்காதே, எடைக்குக் கேடு, இந்தக் குளிருக்கு அது தாங்கவும் தாங்காது. அவள் பெட்டியில் எனக்காக ஊறுகாய், அப்பளம் என்று அடைத்து அனுப்புவாய் என்று தெரியும். அதற்குப் பதிலாக ஒன்று செய். பாளையங்கோட்டை வெயிலில் உட்கார்ந்து வருடம் முழுவதும் கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தாயே, போடத் தலை இல்லையென்று விடுதியே உன்னைக் கேலி செய்ததே. அந்த ஊசிகள் இன்னும் உன்னிடம் இருக்கும். ஆகஸ்டுக்கு ஏழு மாதம் இருக்கிறது. ஐந்திலிருந்து பத்து வயதுத் தலைகளுக்கு, காதை மூடுகிற மாதிரி, முடிந்த வரை பின்னிக் கொடுத்தனுப்பு. கயிறு நான் இங்கே வாங்கிக்கொள்கிறேன்.

உன் அன்பு,
மங்கை