எங்கள் குழுவின் சேமிப்புக் கணக்கை விடுவிக்கக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள், மகளிர் திட்டம், மாவட்ட ஆட்சியரகம்.

அனுப்புநர்:
ஊக்குநர், பிரதிநிதி, உறுப்பினர்கள், மகளிர் சுய உதவிக் குழு, ஏரிக்கரைத் தெரு.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதே விஷயமாக மே மாதம் ஒரு மனுவும், ஆகஸ்டில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனுவும் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில்தான் வரவில்லை. எங்கள் தெரு தங்களுக்குப் புதிதல்ல. ரேஷன் கடைக்குப் பின்னால் நாங்கள் கூடும் கொட்டகைக்கே வந்து, தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினீர்கள்.

1. நாங்கள் 12 பேர். வாரக் கூட்டம், சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடன், தவணை, கணக்கு எழுதுவது என பஞ்ச சூத்திரத்தில் ஒன்றும் தவறவில்லை. இரண்டு வங்கிக் கடனை அடைத்து முடித்திருக்கிறோம்.

2. மூன்றாவது கடன் கொடுத்தபோது, எங்கள் சேமிப்பு 84,000 ரூபாயை எடுக்க முடியாதபடி வங்கிக் கிளை முடக்கிவிட்டது. குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. தங்கள் துறைப் பயிற்சியில்தான் இதைக் கற்றோம். கிளையில் எடுத்துச் சொன்னால், "மேலிடத்தில் கேளுங்கள்" என்கிறார்கள்.

3. அம்மா, இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்களில் ஒருவருடைய மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். உள்கடனாக 15,000 கொடுக்கத் தீர்மானம் போட்டு, ஏழு பேர் கையோடு வங்கிக்குப் போனோம். பாஸ்புக்கில் பணம் அச்சாகி வருகிறது. பணம் எடுக்கும் சீட்டை மட்டும் திருப்பித் தள்ளுகிறார்கள். நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அன்று சாயங்காலம் அவர் தாலிக்குண்டைக் கழற்றி அடகு வைத்தார். இப்போது கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. அதுவும் போதாமல் வாரத் தவணைக் கடன். செவ்வாய்க்கிழமை விடிந்தால் வசூல்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். எந்தக் கடனிலிருந்து தப்பிக்கக் குழு ஆரம்பித்தோமோ, அதே கடன்! அதுவும் சொந்தப் பணம் வங்கியில் இருக்கும்போது!

4. மகளிர் தினத்துக்குக் கூப்பிட்டால் ஒரே நிறச் சேலையில் வருகிறோம். கணக்கெடுப்பு என்றால் வீடு வீடாக அலைகிறோம். எங்கள் பணத்தைக் கேட்டால் மட்டும் ஏன் அம்மா யாருக்கும் காது கேட்கவில்லை? நாங்கள் மானியமா கேட்கிறோம்?

5. ஆகவே, மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் பேசி, கணக்கை விடுவிக்க எழுத்துப்பூர்வமாகச் சொல்லும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த கட்டணம் தை மாதம். அதற்குள் விடுவித்துக் கொடுங்கள், அம்மா.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள் 12 பேர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீதுகள், பாஸ்புக் நகல், தீர்மான நகல்