டொங்காட்டுக்குத் தண்ணீர் தந்தவர்களுக்கு

வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் உறவுகளுக்கும், ஹம்பனாதி அக்கம்பக்கத்தாருக்கும், தண்ணீர் லாரி ஓட்டிய அண்ணன்மாருக்கும், பெயர்கூடச் சொல்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் பெய்த மழை, சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. எங்கள் குவாசூலு நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். டர்பனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரான டொங்காட்டில் அந்த வெள்ளம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே சிதைத்துவிட்டது. 14-ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஏறக்குறைய ஏழு மாதம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு அதே நிலைமை. ஆடிக் கூழும் புரட்டாசி விரதமும் தீபாவளியும் நீங்கள் கொண்டுவந்த தண்ணீரில்தான் நடந்தன.

"இவ்வளவு மழை பெய்திருக்கிறதே, பிறகு என்ன தண்ணீர்ப் பஞ்சம்?" என்று தொலைவில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தது. அந்தச் சேற்று நீரைத் தெளியவைத்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து, மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, வீடுவீடாக அனுப்பும் வேலைதான் நின்றுபோனது. எந்திரங்களும் குழாய்களும் செய்துவந்த அந்த வேலையை நீங்கள் தோளிலும் தலையிலும் சுமந்து செய்தீர்கள். இருபது லிட்டர் கேனுக்கு இருபது கிலோ எடை. மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் ஓர் ஆயாவுக்கு அதைக் கீழிருந்து தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? ஹம்பனாதிப் பையன்கள் ஏறினார்கள். அவர்கள் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் இல்லை. முதலில் எங்கள் ஆயாக்களுக்கும் தங்கள் கோகோக்களுக்கும் (சூலு மொழியில் பாட்டிமார்) கொடுத்துவிட்டு, அதன் பிறகே தங்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். தம்பிகளே, உங்களை வளர்த்த தாய்மாருக்கு எங்கள் கும்பிடு.

லாரி ஓட்டியவர்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் சனம் கோபத்தோடு காத்திருக்கும். அந்தக் கோபத்தை எல்லாம் வாங்கிக்கொண்டவர்கள் ஓட்டுநர்கள்தான். நிலையத்தை உடைத்தது அவர்களா? மண்சரிவில் பாதி அறுந்துபோன சாலைகளில் வந்தார்கள். சிலர் வேறு ஊர்க்காரர்கள், எங்கள் தெருக்கள் தெரியாதவர்கள். இருட்டிய பிறகும் கடைசி வாளி நிறையும்வரை குழாயை மூடாமல் நின்றார்கள். அப்போது ஏசியவர்கள் சார்பிலும் இந்த நன்றியைச் சொல்கிறோம்.

ஆழ்துளைக் கிணறு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் சிலர், மதில் வழியாகத் தெருப்பக்கம் ஒரு குழாயை நீட்டிவிட்டார்கள். மின்சாரக் கட்டணம் அவர்களுடையது. ஒருவரிடம் பணம் கொடுக்கப் போனபோது, "தண்ணிக்கா காசு?" என்று கேட்டுக் கையை விலக்கிவிட்டார். பள்ளிவாசல்காரர்கள் தங்கள் கிணற்றுக் குழாயை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச வேண்டும், அண்டா நிறையத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டோம். பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி அவர்களே கோயில் வாசலில் இறக்கினார்கள். அன்று கூழ் வாங்க நின்ற வரிசையில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992-இல் டாக்டர் இம்தியாஸ் சூலிமான் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் அமைப்பு, எங்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை, ஆழ்துளைக் கிணறுகளும் போட்டுக்கொடுத்தது. போத்தல் தண்ணீர் அன்றைய தாகத்தைத் தீர்க்கும். கிணறு அடுத்த மாதமும் தரும். இந்த வேறுபாடு அறிந்து உதவியது பெரிய காரியம்.

ஒரு நர்ஸ் அக்காவுக்குத் தனியாக நன்றி. தொட்டித் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்திருந்த நேரம். கோயில் மண்டபத்தில் வாளியை வைத்து அவர் செய்து காட்டினார்: இருபத்தைந்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஜிக் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்), வாசனை சேர்க்காத சாதாரண ஜிக், கலக்கி மூடி இரண்டு மணி நேரமாவது விட்ட பிறகே குடிக்க வேண்டும், கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிக்க வேண்டும். ஊற்றி வைத்த தண்ணீரில் கையை விட்டு மொள்ளாதே என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னார்.

வெருலத்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள சொந்தக்காரர்கள் எங்கள் அழுக்குத் துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கித் துவைத்துக் கொடுத்தார்கள். உங்கள் குழாயிலும் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். நிலையத்தைத் திரும்ப எழுப்பிய கூலித் தொழிலாளர்கள், வெல்டர்கள், குழாய் பதித்தவர்கள் யாரையும் நாங்கள் நேரில் பார்க்கவில்லை. குளிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் உதவிக்கு நாங்கள் திருப்பிச் செய்யக்கூடியது, அடுத்த முறைக்கு ஆயத்தமாக இருப்பதுதான். அடுத்த முறை வரும். நாங்கள் வெள்ளத்தால் தவித்த அதே 2022-இல், கெபெர்ஹாவில், அதாவது பழைய போர்ட் எலிசபெத்தில், வறட்சியால் அணைகள் வற்றின. கேப் டவுனில் 2018-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளந்து வாழ்ந்தார்கள். போதுமான தண்ணீர் ஒவ்வொருவரின் உரிமை என்று நம் அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் டர்பன் மாநகரம் வாங்கி அனுப்பும் தண்ணீரில் பாதி அளவு கசிவிலும் கணக்கில் வராத இணைப்புகளிலும் போய்விடுகிறது. புது அணை கட்டப் பல ஆண்டுகள் ஆகும்; ஒழுகும் குழாயை இந்த வாரமே அடைக்கலாம். தெற்கு டர்பனில் 2001-இலேயே கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆலைக்கு அந்தத் தண்ணீர் போனால் நல்ல தண்ணீர் அடுப்படிக்கு மிஞ்சும். இதையெல்லாம் வார்டுக் கூட்டத்தில் விடாமல் கேட்போம். உதவி செய்யும் உங்களை மட்டுமே நம்பி ஒரு ஊர் இருந்துவிடக் கூடாது. நீங்களும் களைத்துப் போவீர்கள்.

கோயில் கூரையில் விழும் மழைநீரைப் பிடிக்க இப்போது ஜோஜோ என்னும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் வைத்திருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்த கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பவும் பம்பைப் பழுதுபார்க்கவும் பெண்கள் குழு மாதாமாதம் பணம் சேர்க்கிறது. நீங்கள் கொடுத்த கேன்களும் ரப்பர்க் குழாய்களும் கழுவி அடுக்கி மண்டபத்தில் இருக்கின்றன. உங்கள் ஊரில் குழாய் நின்றால் கோயிலுக்குச் சொல்லி அனுப்புங்கள். பக்கியில் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

நன்றியோடு,
டொங்காட் கோயில் பெண்கள் குழுவின் சார்பாகவும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் சார்பாகவும்,
அவர்களின் தமிழ் ஆசிரியை