கூரையில் வெயில், கொல்லையில் டீசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

அரச வைத்தியசாலைகளைப் பசுமைத் தொழினுட்பத்துக்கு மாற்றுவது பற்றிப் பேசும்போதெல்லாம், கூரையில் பொருத்தப்படும் சூரியப் படல்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் படல்கள் நோயாளிக்கு எப்போது பயன்படுகின்றன, எப்போது பயன்படுவதில்லை என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மின் பராமரிப்பு வேலையில் இருந்தவன் என்ற வகையில் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என்று கூறப்பட்டதால் அது பலருக்கு நகைச்சுவையாகவே நினைவில் நிற்கிறது. அந்த நேரத்தில் நான் கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையின் விடுதியொன்றில் என் மைத்துனரின் கட்டிலருகே இருந்தேன். யன்னலுக்கு எதிரே இருந்த கட்டடத்தின் கூரையில் வரிசை வரிசையாகப் படல்கள் உச்சி வெயிலில் மின்னிக்கொண்டிருக்க, கீழே கொல்லைப்புறத்தில் மின்பிறப்பாக்கி கரும்புகையைக் கக்கியபடி இயங்கத் தொடங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர் "மேல இவ்வளவு சோலர் இருக்குது, பிறகென்னத்துக்கு ஜெனரேற்றர்?" என்று என்னைக் கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. நம் நாட்டில் பெரும்பாலான கூரைகளில் இருப்பவை பொது மின் வலையமைப்போடு இணைந்து இயங்கும் தொகுதிகளே. அவற்றின் இன்வேர்ட்டர், அதாவது படல் தரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் கருவி, வலையமைப்பின் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பின்பற்றியே மின்சாரத்தைச் செலுத்துகிறது. வலையமைப்பு செயலிழந்ததும், கம்பியில் திருத்த வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் பொருட்டுத் தானாகவே நின்றுவிடுகிறது. அது குறைபாடு அன்று, அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனால் மின்கலத் தொகுதியும், வலையமைப்பிலிருந்து பிரிந்து தனித்து இயங்கக்கூடிய இன்வேர்ட்டரும், தீவிர சிகிச்சைப் பிரிவு, சத்திரசிகிச்சைக் கூடம், குறைமாதக் குழந்தைகள் பிரிவு, இரத்த வங்கி ஆகியவற்றுக்கெனத் தனியாகப் பிரிக்கப்பட்ட மின்சுற்றும் இல்லாத வைத்தியசாலையில், கூரைப் படல்கள் மாதாந்த மின்பட்டியலைக் குறைப்பதோடு சரி. பட்டியல் குறைவதும் நல்லதே. ஆனால் மின்தடை வந்த கணத்தில் நோயாளி நம்பியிருப்பது டீசலை மட்டுமே.

டீசலை நம்புவது எத்தகையது என்பதை 2022 நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியபோது, டொலர் இல்லாமையால் எரிபொருளை இறக்கவும் வழியின்றி, எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் நாம் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அதற்கு நேர்மாறான விந்தையையும் மூன்று ஆண்டுகளில் கண்டோம்: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்திருந்ததால், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகல் வேளையில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுவதைச் சேமிக்க இடமில்லாமல் நிறுத்திவிட்டு, மாலை உச்ச நேரத்தில் எண்ணெயை எரிக்கிறோம். இரவும் பகலும் மின்சாரம் தேவைப்படும் வைத்தியசாலைகளை விட மின்கலங்களை முதலில் நிறுவ உகந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

மின்கலமே தேவைப்படாத ஓர் ஏற்பாடும் உண்டு. தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். சூரியப் படலிலிருந்து நேரடியாக இயங்கி, பகலில் பனிக்கட்டியாகக் குளிரைச் சேமித்து, இரவில் அக்குளிரைக் கொண்டே தடுப்பூசியைக் காக்கும் குளிர்சாதனப் பெட்டிகள் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தோடு பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. அடிக்கடி மின்சாரம் தடைப்படும் பிரதேசங்களிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு இவை பெரிதும் உதவும்.

மின்சாரத்தை உற்பத்தி செய்வதற்கு முன்பு, அதைச் செலவழிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். கொழும்பின் பழைய வைத்தியசாலை விடுதிகள் உயர்ந்த கூரையும், எதிரெதிர் யன்னல்களும், அகன்ற விறாந்தையுமாக, கடற்காற்று ஊடறுத்துச் செல்லும்படி கட்டப்பட்டவை. இன்றோ கண்ணாடியால் மூடிய மாடிக் கட்டடத்தை எழுப்பி, உள்ளே புகும் வெப்பத்தை வெளியேற்ற நாள் முழுவதும் குளிரூட்டியை இயக்கிவிட்டு, உச்சியில் நான்கு படல்களை வைத்து அதற்குப் பசுமைக் கட்டடம் என்று பெயரும் சூட்டுகிறோம். குளிரூட்டல் இன்றியமையாத இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாதாரண விடுதிக்கு நல்ல காற்றோட்டம் மின்செலவைக் குறைப்பதோடு, காற்றில் பரவும் தொற்றையும் கட்டுப்படுத்தும்.

கழிவு பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி மருத்துவக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் குப்பையைப் போன்றதே. ஆபத்தானது எஞ்சிய 15 சதவீதம்தான். விடுதியிலேயே பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக எரியூட்டிக்கு அனுப்பினால் எரிபொருள் வீணாகிறது. சேலைன் குழாய்களிலுள்ள பீவீசீ பிளாஸ்டிக் தகுந்த வெப்பநிலையின்றி எரியும்போது டயொக்சின் என்னும் நச்சும் வெளியாகிறது. தொற்றுக் கழிவின் பெரும்பகுதியை அழுத்த நீராவியால் கிருமி நீக்கிய பின் துண்டாக்கி அகற்றலாம். வர்ணப் பைகள் வைக்கப்பட்டிருந்தும் எல்லாம் ஒரே பையில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்; விடுதியில் ஆளணி போதாதபோது தாதியரையோ சிற்றூழியரையோ குறை கூறிப் பயனில்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது பராமரிப்பு. கொழும்பில் கடலின் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். தூசும் காக்கை எச்சமும் படல்களை மறைக்கும். இன்வேர்ட்டர் சில ஆண்டுகளில் பழுதடையும். குறைந்த விலைக்குக் கேள்விப்பத்திரம் வழங்கி, நாடா வெட்டித் திறந்து, உத்தரவாதக் காலம் முடிந்ததும் திருத்த நிதியில்லாமல் கைவிடப்பட்ட இயந்திரங்கள் பலவற்றை என் சேவைக் காலத்தில் கண்டிருக்கிறேன்.

ஆகவே, சுகாதார அமைச்சு இனி வழங்கும் ஒவ்வொரு சூரியத் தொகுதி ஒப்பந்தத்திலும் மின்கலத்தையும் குறைந்தது பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும் என்றும், ஏற்கெனவே படல்கள் உள்ள வைத்தியசாலைகளில் மின்தடையின்போது எந்தெந்தப் பிரிவுகள் அவற்றால் இயங்கும் என்ற விபரத்தை வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பிரிவும் இயங்காது என்பதே பதிலாயினும் அதையும் வெளியிடட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.