பட்டியலில் முதல் இரண்டை மாற்றிப் போடு

அன்புள்ள மகளுக்கு,

பியானோவில் அடுத்துப் பழக நினைக்கும் உருப்படிகள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பிராம்ஸின் ஏ மேஜர் இன்டர்மெஸ்ஸோ, ஷோப்பானின் ஃபான்டசி இம்ப்ராம்ப்டு, அவருடைய ஜி மைனர் பல்லாட், கடைசியாக லிஸ்ட்டின் லா கம்பனெல்லா. சுலபமானதில் தொடங்கி வரிசைப்படுத்தியிருக்கிறாய். கடைசி இரண்டும் அங்கேயே இருக்கட்டும். முதல் இரண்டை மாற்றிப் போடு.

ஃபான்டசி இம்ப்ராம்ப்டுவின் வேகம் உன்னை மிரட்டியிருக்கிறது. வலது கைக்கு ஒரு பாரில், அதாவது ஒரு தாளக் கட்டத்தில், 16 சுரம், இடது கைக்கு 12. நாலுக்கு மூன்று கணக்கு, அவ்வளவுதான். சின்ன வயதில் சதுஸ்ரமும் திஸ்ரமும் தொடையில் தட்டிப் பழகியவளுக்கு இது புதிதா? இரண்டு கையும் தனித்தனியாகத் தானாக ஓடும்வரை பழகு. பிறகு சேர்க்கும்போது, சேர்ந்து விழவேண்டிய சுரத்தை மட்டும் கவனி. நடுவில் எண்ணிக்கொண்டிருந்தால் கை இறுகிவிடும். கணக்கு ஒருமுறை பிடிபட்டால் வேகப் பகுதி முழுக்க அதுதான், விரல்களும் கட்டைமேல் இயல்பாகவே உட்காரும். டி ஃப்ளாட் மேஜரில் வரும் நடுப்பகுதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதே மெட்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் அது வேறு மாதிரி பேச வேண்டும். 1834-இல் எழுதியதை ஷோப்பான் கடைசிவரை வெளியிடவில்லை. அவர் போன பிறகு, 1855-இல்தான் அச்சானது.

பிராம்ஸ் அந்த இன்டர்மெஸ்ஸோவை 1893-இல், 60 வயதில் எழுதினார். பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்குச் சமர்ப்பணம். தாளில் சுரங்கள் குறைவாகத் தெரியும், அதை நம்பாதே. மேலே மெட்டு, உள்ளே இன்னொரு குரல், கீழே பாஸ் என்கிற அடிக்குரல் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். சுண்டுவிரல் மெட்டைத் தூக்கிப் பிடிக்கும்போது அதே கையின் கட்டைவிரல் அடங்கிப் பேச வேண்டும். எஃப் ஷார்ப் மைனர் பகுதியில் மூன்றுக்கு இரண்டு வேறு வரும். வேகமாகப் போகிற இசையில் ஒரு சுரம் தவறினால் ஓடிப்போய்விடும், இதில் அப்படியே நிற்கும். உன் டிஜிட்டல் பியானோவில் இந்த எடை வித்தியாசம் எவ்வளவு தெரியும் என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் உன் கை. கடினத்தை எண்ணால் குறிக்கும் பட்டியல்கள் எல்லாம் யாரோ ஒரு சராசரிக் கைக்குப் போட்டவை. இன்றைய பியானோவில் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர். உனக்கு அது எட்டும், அதற்கு மேல் இழுபறிதான். பியானோ மேதை ஜோசப் ஹோஃப்மனுக்குக் கை சின்னது என்று ஸ்டைன்வே பியானோ கம்பெனியில் கட்டைகளையே கொஞ்சம் குறுக்கித் தந்தார்கள். நமக்கு யார் தருவார்கள்! சேர்த்து அழுத்தவேண்டிய சுரங்கள் (கார்டு) எட்டாவிட்டால், கீழிருந்து ஒவ்வொன்றாக உருட்டி வாசி. பிராம்ஸில் அது கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

பல்லாட் இரண்டு வருஷம் பொறுக்கட்டும். முதல் பக்கங்களை நீ இன்றைக்கே வாசித்துவிடுவாய், அதுதான் ஆபத்து. 208-ஆவது பாரில் தொடங்கும் கோடாவுக்கு, அதாவது முடிவுப் பகுதிக்கு, வரும்போது எட்டு நிமிஷம் போல வாசித்துக் கை களைத்திருக்கும். பிரெஸ்டோ கோன் ஃபுவோகோ (மிக வேகமாக, தீப்பொறி பறக்க) என்று போட்டிருப்பது அந்த நேரத்தில்தான். ஆரம்பிக்கிற அன்று கோடாவிலிருந்து ஆரம்பி.

லா கம்பனெல்லாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லிஸ்ட்டே 1838-இல் எழுதியதை 1851-இல் திருத்தி இளக்கினார், இன்று எல்லோரும் வாசிப்பது அந்த இளக்கிய வடிவத்தைத்தான். அதுவே பெரிய பாடு. கேட்பதற்கு வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஃபான்டசி இம்ப்ராம்ப்டுவின் நடுப்பகுதியை மட்டும் வாசித்துக் காட்டு. வேகப் பகுதி எனக்கு இப்போது வேண்டாம். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குப் பியானோவை மூடிவிடு.

அன்புடன்,
அம்மா