கப்பல் வடக்கே, அலுவலகம் தெற்கே

அன்புள்ள வசந்தா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி, பெரியவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

அலுவலகச் செய்திக்கு வருகிறேன். தம்புச் செட்டித் தெருவைக் காலி செய்கிறோம். சித்திரை முடிந்ததும் சென்னைக்குத் தெற்கே சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடிக்குப் போகிறோம். நம் ‘அப்புறம் பார்க்கலாம்’ சார் மட்டும் இப்போது இருந்தால் இந்தக் கோப்பு இன்னும் பத்து வருடம் அவர் மேசையை விட்டு நகர்ந்திருக்காது!

பழைய பதிவறையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரி படிவங்கள், நாடா கட்டிய கட்டுகளாக, ஓரமெல்லாம் செல்லரித்தவை. ஊதா முத்திரை மட்டும் அழியவில்லை. ஒரு கட்டின் மேலட்டையில் உன் கையெழுத்து, வழக்கம்போல யாராலும் படிக்க முடியாதது. இந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்கு நாம் எத்தனை முறை ஓடியிருப்போம்! துறைமுகமும் சுங்கமும் வங்கிகளும் நடக்கும் தூரத்தில் இருந்ததால்தான் நம்மைப் போன்ற அலுவலகங்கள் பாரிமுனையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. இப்போது எல்லாம் கணினியில் போகிறது. ஓட வேண்டிய அவசியமே இல்லாதபோது இந்த இடுக்கில் ஏன் வாடகை கொடுக்க வேண்டும் என்று முதலாளியின் மகன் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஏன் தெற்கே? அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்தது, பிறகு காட்டுப்பள்ளி வந்தது. நம் சரக்கில் பெரும்பகுதி இப்போது அங்கேதான் இறங்குகிறது. கப்பல் வடக்கே போகிறது, அதன் கணக்கைப் பார்க்கும் அலுவலகம் தெற்கே போகிறது!

சின்னவன் நகரத் திட்டமிடல் படிக்கிறான் அல்லவா, அவன் ஒரு புத்தகத்தைக் காட்டினான். ஹோமர் ஹாய்ட் என்ற அமெரிக்கர் 1939-இலேயே சொல்லியிருக்கிறாராம்: வசதியானவர்களின் குடியிருப்பு ஒரு திசையைப் பிடித்துக்கொண்டால் அதே திசையில்தான் வெளியே நீண்டுகொண்டு போகும், அலுவலகங்களும் வங்கிகளும் நகரும் திசை அந்த வீடுகளைத் தன்னோடு இழுக்கும். நம் ஊரில் எது எதை இழுத்தது என்பதில் எனக்கு அவரோடு சண்டை உண்டு. வடக்கே ஆலைகளும் ரயில் பட்டறையும் மணலிச் சுத்திகரிப்பு ஆலையும். பங்களாக்கள் அடையாற்றங்கரைக்கு எப்போதோ போய்விட்டன. விமான நிலையம் மீனம்பாக்கத்தில். 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை, அடுத்த ஆண்டு ஐஐடி. தரமணியில் பெரிய நிலப்பரப்பு அரசின் கையிலேயே இருந்தது. 2000-இல் டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கே எழுந்தபோது, 12 லட்சம் சதுர அடிக்கு மேல், எல்லோரும் அதைத் திடீர் அதிசயமாகப் பார்த்தார்கள். எனக்கு அதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. பாதை போட்டு வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலையோரமாகப் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி. ஒவ்வொன்றும் ஊருக்கு வெளியே, நிலம் மலிவாக இருந்த இடத்தில் முளைத்தது. அங்கே விலை ஏறியதும் அடுத்தது இன்னும் தெற்கே. மாநகராட்சி பின்னால் ஓடிவந்து 2011-இல் தன் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரித்துக்கொண்டது. குடிநீரும் சாக்கடையும் அதற்கும் பின்னால். பறக்கும் ரயில் வேளச்சேரியைத் தொட்டது 2007-இல். அதுவும் அந்தச் சாலையோடு போகாமல் திருவான்மியூர் தாண்டியதும் மேற்கே திரும்பிவிடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று உன்னிடம் சொல்லத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

நான் எப்படியும் போய்விடுவேன். ராயபுரத்திலிருந்து கடற்கரை நிலையம், பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு பஸ். முனியம்மாக்கா என்ன செய்வார்? காலை ஏழு மணிக்கு வந்து பெருக்கித் துடைத்து, ஒன்பதரைக்குள் மண்ணடியில் இன்னொரு வேலைக்குப் போகிறவர். சோழிங்கநல்லூர் போய்வந்தால் சம்பளத்தில் பாதி பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கரையும், மண்ணடி வேலையும் போய்விடும். “அங்கே கண்ணகி நகரிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ளலாம்” என்று கூட்டத்தில் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். கண்ணகி நகரில் இருப்பவர்கள் யார், வசந்தா? நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள்தானே. அங்கே பிழைப்பு இல்லாமல் எத்தனை பேர் பழைய வேலைக்கே தினமும் பஸ் ஏறி நகரத்துக்குள் வந்து போனார்கள்! அவர்களுக்கு இப்போது வேலை கிடைப்பது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தியின் வாயிலிருந்து பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுப்பதற்குப் பெயர் வளர்ச்சியா? அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை மெட்ரோ வேலை நடக்கிறது. வடக்கையும் அந்தச் சாலையையும் ஒரே பாதையில் சேர்க்கும் ரயில் அது. வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் முனியம்மாக்காவின் வாடகை அடுத்த மாதமே வந்து நிற்கும்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. மண்ணடிக் கிளைக் கிடங்கை மூடவில்லை. அங்கேயே அவருக்கு முழுநேர வேலை கேட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கப் போகிறோம். போனஸ் தகராறின்போது நீ எழுதிய மனுவைப் பெரிய முதலாளி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோபம் தெரியாமல், ஆனால் தட்டிக்கழிக்க முடியாமல் எழுத உன்னால்தான் முடியும். ஒரு பக்கம் போதும். அக்கா நம் அலுவலகத்தில் சேர்ந்த வருடம் உனக்கு நினைவிருந்தால் அதையும் சேர்த்துக்கொள். தட்டச்சு செய்து அனுப்பு, உன் கையெழுத்தில் வேண்டாம். இருபதாம் தேதிக்குள் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
கலா