ஒன்பதாம் வகுப்பைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

மாநகர அரசு உயர்நிலைப் பள்ளிகளை மேம்படுத்துவது குறித்த தங்கள் தலையங்கம் ஆசிரியர் தரத்தை முதன்மைப்படுத்தியது சரிதான். ஆனால் நல்ல ஆசிரியர் எந்த வகுப்பில் பாடம் நடத்துகிறார் என்பதும் அதே அளவு முக்கியம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நகரின் அரசுப் பள்ளிகளை ஆராய்ந்து 2005இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பைத் தடுமாறாமல் முடித்தவர்கள் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை நிறைவுசெய்யும் வாய்ப்பு, தடுமாறியவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம் என்றது அது. இங்கோ பொதுத்தேர்வை நினைத்து அனுபவசாலிகளைப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அனுப்பிவிடுகிறோம்.

நான் தமிழ் கற்பித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பல மாதங்கள் கணித ஆசிரியரே இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் வராமல் போன பிள்ளைகளில் பலரும் கணக்கில் தோற்றவர்கள். வரும் கல்வியாண்டில் ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளியும் தன் தேர்ந்த ஆசிரியர்களில் ஒருவருக்கேனும் ஒன்பதாம் வகுப்பை ஒதுக்கி, வருகையையும் மதிப்பெண்ணையும் மாதந்தோறும் கவனிக்கச் செய்ய வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை