புயலுக்கு மறுநாள் போன் வேலை செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நடக்கும் ஆய்வுக் கூட்டங்களில் மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், பாதுகாப்பு மையம் எல்லாம் பேசப்படுகின்றன. புயலடித்த மறுநாள் சாதாரண மக்களின் செல்போனுக்கு சிக்னல் கொடுப்பது எப்படி என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

வாய்மேட்டில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, ஜெனரேட்டர் போட்டு ஊராருக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். சார்ஜ் ஏறியும் பேச வழியில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளிடம் 'நல்லா இருக்கோம்' என்று சொல்ல முடியாமல் தாய்மார்கள் கடை வாசலிலேயே நின்றார்கள். நிறைமாத மருமகளுக்காக 108-ஐக் கூப்பிட வந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியது இன்றும் மனதை அறுக்கிறது. எங்கள் பக்கம் டவர் நின்றுகொண்டுதான் இருந்தது. கரண்ட் இல்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது, சாலையெல்லாம் தென்னையும் மாவும் சாய்ந்து கிடந்ததால் டீசல் வண்டி வர முடியவில்லை.

அதிகாரிகள் கையில் சாட்டிலைட் போன் இருந்தால் நிர்வாகம் நடக்கும். ஆனால் ஊர் மக்களிடம் இருப்பது சாதாரண போன். அந்த போனையும் சாட்டிலைட்டையும் இணைக்க ட்ரோன் உதவும். 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவில் பெரும்பாலான டவர்களை முடக்கியபோது ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க செல்போன் நிறுவனம் இதைச் செய்து காட்டியது. சிறிய டவர் கருவியைச் சுமந்த ட்ரோன், பட்டம் போல ஒயரில் கட்டப்பட்டு 200 அடி உயரத்தில் நின்றது. மின்சாரம் அந்த ஒயர் வழியாகவே போனதால் பேட்டரிக்காக இறக்க வேண்டியதில்லை. அழைப்புகள் ஒயர் வழியாகத் தரைக்கு இறங்கி, அங்கிருந்து சாட்டிலைட் வழியாகப் போயின. சுமார் 100 சதுர கிலோமீட்டருக்கு சிக்னல் கொடுக்கும் திறன் அதற்கு இருந்தது. சீனாவில் 2021 ஜூலை வெள்ளத்தில் ஹெனான் மாகாணத்தின் மிஹே நகருக்கு, ஆளில்லா பெரிய விமானம் ஒன்று சுமார் ஐந்து மணி நேரம் சிக்னல் கொடுத்தது.

புயல் காற்று வீசும்போது இந்த ட்ரோனை ஏற்ற முடியாது, தணிந்த பிறகுதான். எல்லோரும் வீடியோ பார்க்கவும் தாங்காது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் என்று ஒதுக்கினால் போதும், உயிர் காக்க அதுவே பெரிது. எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும் ஒரே டவரில் பேசும் ரோமிங் வசதி, புயல் காலங்களில் நம் நாட்டில் ஏற்கெனவே திறந்துவிடப்படுகிறது. அதை இந்த ட்ரோனுக்கும் பொருத்த வேண்டும்.

நாகப்பட்டினம், திருவாரூர் போன்ற கடலோர மாவட்டங்களுக்கு ஒன்று வீதம் வாங்கி, இயக்கத் தெரிந்த ஆட்களோடு அந்தந்த மாவட்டத்திலேயே தயாராக வைக்க வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பி வருவதானால் விழுந்த மரங்களைத் தாண்டித்தான் அதுவும் வர வேண்டும். செப்டம்பரிலேயே கோடியக்கரையில் ஒருமுறை ஏற்றி, எந்த ஊர் வரை சிக்னல் எட்டுகிறது என்று பார்த்துவிடலாம். அதற்கு ஆள் வேண்டுமென்றால், எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் ஊருக்கு ஒருவராக போனோடு நிற்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர்,
வாய்மேடு, வேதாரண்யம் வட்டம்.